ஹவ்வாம்மாள் வீட்டில் நாலு மாதம் பத்து நாள்

சத்தம் உள்ளறையிலிருந்துதான் வந்தது. தொம், தொம், தொம் என்று ஒரே சீராக வந்தது. மூச்சு வாங்கும் நேரத்துக்கு நின்று மறுபடி தொம், தொம். முன்னறையில் பாய் விரித்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஹவ்வாம்மாளுக்குக் கை ஓடவில்லை. உள்ளே இருந்தது அவளுடைய மருமகள் பெனாசிர் ஒருத்திதான். அவளோ இத்தாவில் இருந்தாள். கணவனைப் பறிகொடுத்த பெண் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல், நகையும் அத்தரும் நல்ல துணியும் இல்லாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. அபுதாகிருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஹவ்வாம்மாள் கதவைத் தள்ளினாள். பெனாசிர் வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, ஜீப்பின் தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிற்றை இரண்டு கையிலும் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள். மாமியைக் கண்டதும் கயிறு காலில் சிக்கி நின்றாள்.

"என்னம்மா பண்ற?"

"குதிக்கிறனுங்க மாமி."

"எம்புள்ள கபுர்ல மண்ணு காயல. நீ குதிக்கிற?"

பெனாசிருக்குப் பேச மூச்சு இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கடைசியில் சொன்னாள்: "அவுங்க போட்டுட்டுப் போன வேலைதானுங்க இது."

ஹவ்வாம்மாள் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

ஹவ்வாம்மாள் கம்பத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பக்கீர் ராவுத்தரின் நாலாவது மகள். பதினெட்டு வயதில் மலையேறி ஆனைக்கரைக்கு வந்தாள். அவளைக் கட்டியவர் மீராசா ராவுத்தர். ஒண்ணேகால் ஏக்கர் ஏலத்தோட்டமும் ஒரு தகரக்கூரை வீடும் அவருக்கு. மீராசாவுக்கு ஒரே அக்காள், சபுராம்மாள். குமுளியில் ஜவுளிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். தம்பி வீட்டில் ஒரு உலை கொதிப்பதென்றாலும் குமுளியில் கேட்டுவிட்டுத்தான் கொதிக்கும். மீராசா காய்ச்சலில் போனபோது ஹவ்வாம்மாளுக்கு இருபத்தைந்து வயது, மகன் அபுதாகிருக்கு மூன்று. அதற்குப் பிறகு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போய், இருபத்திரண்டு வருஷம் குனிந்த தலை நிமிராமல் காய் பொறுக்கி மகனை ஆளாக்கினாள். அவனுக்குப் பெண் எடுத்தது பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்தில். ஹவ்வாம்மாளின் சின்னம்மா ஒருத்தியை அந்த ஊருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வழியில் வந்த சம்பந்தம். ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. பெண் பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் கல்லூரியும் போனவள். வனத்துறையில் பெண்களுக்கு வேலை என்று விளம்பரம் வந்ததும் அபுதாகிர்தான் அவளை எழுத வைத்தான். பரீட்சை நாளன்று அவனே ஜீப்பில் கூட்டிப்போய், மரத்தடியில் காத்துக்கிடந்து, திரும்பக் கூட்டிவந்தான். பேர் பட்டியலில் வந்தது. இனி ஓட்டமும் தாண்டலும் பாக்கி. அதற்குள் ஜனவரி ஆறாம் தேதி, லுஹருக்கும் அஸருக்கும் நடுவில், குமுளி ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். முப்பத்து நாலு வயது.

மறுநாள் காலையிலும் உள்ளே தொம், தொம் கேட்டது. ஹவ்வாம்மாள் எட்டிப் பார்த்தாள். கையில் கயிறு இல்லாமலே, இருப்பதுபோல மணிக்கட்டைச் சுழற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள் பெனாசிர். கண் மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது. வேர்வையா கண்ணீரா என்று ஹவ்வாம்மாளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போய் டிரம்மைத் திறந்து கயிற்றை எடுத்தாள். ஏலக்காய்ச் சாக்கு நாலை மடித்துக் கொண்டுவந்து தரையில் போட்டாள்.

"இதுக்கு மேல குதி. சத்தம் ரோட்டுக்குக் கேக்குது."

பெனாசிர் கயிற்றை வாங்கினாள். "நிமிஷத்துக்கு எம்பது தடவை வேணுமுங்க மாமி. எனக்கு அம்பத்தி ரெண்டு தான் வருது."

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லாத. நான் ஒண்ணும் பாக்கல."

பார்க்கவில்லை என்று சொன்னவள்தான், ரமலான் பாதி ஆவதற்குள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மனசுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள். எழுபத்தொன்று. எழுபத்தாறு. கட்டில் காலுக்கும் அலமாரிக்கும் நடுவே கயிற்றைக் கட்டி அந்தப் பெண் தாண்டினாள். தலையணையைச் சுருட்டிப் பந்தாக்கிச் சுவரில் எறிந்தாள். சுவருக்குச் சுவர் ஓடித் தொட்டுத் திரும்பினாள். இத்தனையும் ஜன்னலில் திரை தொங்க, பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்குள், நோன்பு வயிற்றோடு.

சபுராம்மாள் வாரத்துக்கு இரண்டு தடவை வருவாள். சொல்லிவிட்டு வருகிற பழக்கம் கிடையாது. இருபதாம் நோன்பன்று அடுப்படியில் கஞ்சிக்கு வெந்தயம் போட்டுக்கொண்டிருந்த ஹவ்வாம்மாளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அதே நேரம் உள்ளே தொம், தொம்.

"என்ன சத்தம் அது?"

ஹவ்வாம்மாளின் வாயில் வந்ததுதான் வந்தது. "கொரங்கு மதினி. தகரத்து மேல."

"கொரங்கா? நோன்பு தொறக்க ஊறப்போட்ட பேரீச்சம்பழத்த வெளியில வெச்சியாக்கும். இரு, வர்றேன்." சபுராம்மாள் விறகுக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "சூ! சூ!" என்று வெறும் தகரத்தை விரட்டினாள். அறுபத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. அந்த இடைவெளியில் ஹவ்வாம்மாள் கதவைத் தட்டி, "பெரியமாமி" என்று மட்டும் சொன்னாள்.

சபுராம்மாள் நேராக உள்ளறைக்குத்தான் வந்தாள். பெனாசிர் தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தாடையில் சொட்டியது.

"ஏம்மா, பனி கொட்டுது, நீ ஏன் இப்பிடி வேத்துக் கெடக்க?"

"ஒடம்புக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க பெரியமாமி."

சபுராம்மாளின் முகம் சட்டென்று மாறியது. விறகுக்கட்டை கையிலிருந்து நழுவியது. "யா அல்லா. எங்க தாகிரு எதும் விட்டுட்டுப் போயிருக்கானா? மாசமா இருக்கியாம்மா நீ?"

அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைப் பார்த்தபோதுதான் ஹவ்வாம்மாளுக்குத் தன் பொய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று புரிந்தது. உண்டென்று ஒரு பேச்சு வந்துவிட்டால் போதும், இத்தா பிரசவம் வரை நீளும். பெண் புரட்டாசி வரை உள்ளேதான். அதைவிட, அந்த ஆசை அவளுக்கும் இருந்தது. நாற்பது நாள் அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"இல்ல மதினி," என்றாள். "அவ ரெண்டு மாசமும் தலைக்குக் குளிச்சாச்சு. ஒண்ணும் இல்ல."

சபுராம்மாள் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். அன்றைக்குக் கஞ்சி அடிப்பிடித்தது.

பெருநாள் போயிற்று. வீட்டில் புதுத்துணி இல்லை. மே மாதம் இரண்டாம் தேதி, பக்கத்து வீட்டு சித்ரா ஓட்டமும் தாண்டலும் எப்போது என்று போட்டிருந்த காகிதத்தோடு வந்தாள். சித்ரா அரசு விண்ணப்பம் போட்டுத் தருகிற அக்ஷயா சென்டரில் கம்ப்யூட்டர் அடிக்கிறவள். கட்டப்பனைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம்; மே பதினைந்து, வெள்ளிக்கிழமை; காலை ஏழு மணி.

"தேதி மாத்தித் தருவாங்களான்னு போன் போட்டுக் கேட்டேன் அக்கா," என்றாள் சித்ரா. "தர மாட்டாங்களாம்."

பெனாசிர் காகிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரைப் பார்த்தாள். குமுளி ஜவுளிக்கடை போட்ட காலண்டர். அதில் மே பதினாறு, சனிக்கிழமைக்கு மேல் சபுராம்மாள் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். ஜனவரி ஆறிலிருந்து நாலு மாதம் மே ஆறு, அதற்கு மேல் பத்து நாள், பதினாறு. அன்றைக்கு இத்தா கழிக்கச் சொந்தமெல்லாம் வரும். புதுநகரத்திலிருந்து பெண்ணைப் பெற்ற அத்தா வண்டி எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். அதுவும் பேசி முடிந்த காரியம்.

"ஒரு நாளுங்க மாமி," என்றாள் பெனாசிர்.

"ஒரு நாளும் நாள்தான்மா."

"அடுத்தவாட்டி எனக்கு வயசு இல்லீங்க. முப்பத்தி மூணு தாண்டீரும். கவர்மெண்டுக்காரங்க உனக்கு வயசாயிப் போச்சுங்கறாங்க. பெரியமாமி வந்தா, சின்னப்புள்ள, ஜன்னலத் தொறக்காதேங்கறாங்க. நான் எந்த வயசுல இருக்கறனுங்க மாமி? ஒருத்தராச்சும் சொல்லுங்க."

ஹவ்வாம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவளுக்கும் இப்படித்தான் நடந்தது. இருபத்தைந்து வயதில், ஸ்டோர் வேலைக்குப் போகிறேன் என்றபோது "வயசுப்பொண்ணு, ஊர் பேசும்" என்று இதே மதினி இரண்டு வருஷம் தடுத்தாள். அதே வருஷம் கூடலூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், பெண்டாட்டியை இழந்தவர், ஆள் விட்டுக் கேட்டபோது, "புள்ளை பெத்தாச்சு, வயசு போச்சு, இனி என்ன கல்யாணம்" என்று திருப்பி அனுப்பியதும் இதே மதினிதான். அப்போது ஹவ்வாம்மாள், நான் எந்த வயசில் இருக்கிறேன் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ஹவ்வாம்மாள் பர்தாவைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் இமாம் வீட்டுக்குப் போனாள். உஸ்தாது மலப்புரத்துக்காரர். இருபத்தெட்டு வயது இருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் பெண்டாட்டி கதவோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். ஒரு நாளுக்குச் சலுகை உண்டா என்று கேட்கத்தான் ஹவ்வாம்மாள் வந்திருந்தாள்.

"மகன் மௌத்தானது ஏது திவசம் உம்மா?"

"ஜனவரி ஆறு."

"அதல்ல. பிறை ஏது?"

"ரஜபு பிறை பதினாறு. லுஹருக்கு அப்புறம்."

உஸ்தாது விரல் கணுக்களில் எண்ணினார். ரஜபு, ஷாபான், ரமலான், ஷவ்வால். போனில் எதையோ பார்த்து மறுபடி எண்ணினார். "உம்மா, இது சந்திர மாசம் வெச்சு எண்ணணும். துல்கஃதா பதினாறுக்கு நாலு மாசம். அதோட பத்து. மே பதினாலு வியாழக்கிழமை அஸர் ஆகும்போது இத்தா கழியும். வெள்ளிக்கிழமை அவங்க தாராளமா போகலாம்."

"வியாழக்கிழமையா? சனிக்கிழமைன்னுல்ல எழுதியிருக்கு?"

"ஆரு எழுதியது? இங்கிலீஷ் மாசத்துல முப்பத்தொண்ணு உண்டு. பிறைக்கு இருபத்தொம்பது, முப்பது, அவ்வளவே உள்ளு. இங்கிலீஷ் கணக்குல எண்ணினா ரெண்டு திவசம் கூடும், சில சமயம் அஞ்சும் கூடும். அவசியத்துக்குப் பகல்ல வெளிய போகலாம்னும் கிதாபுல உண்டு. அது நான் பறஞ்சா குடும்பக்காரர் என்னோட சண்டைக்கு வரும். கணக்கோட ஆரு சண்டை போடும்?" என்று சிரித்தார்.

ஹவ்வாம்மாள் சிரிக்கவில்லை. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "ஜூலை பத்தாம் தேதி ஒருத்தர் மவுத்தானா, இத்தா எப்ப முடியும்?"

"எந்த வருஷம் உம்மா?"

"எந்த வருஷமா இருந்தா என்ன. சும்மா சொல்லுங்க."

அவர் கணக்குப் போட்டார். "நவம்பர் பதினஞ்சு. ஒரு திவசம் முன்ன பின்ன."

ஹவ்வாம்மாள் வந்த டீயைக் குடிக்காமலே எழுந்தாள்.

மீராசா ராவுத்தர் மவுத்தானது ஜூலை பத்து. சபுராம்மாள் அன்றைக்கும் இப்படி ஒரு காலண்டரில் வட்டம் போட்டாள், நவம்பர் இருபதுக்கு மேல். பதினேழாம் தேதி காலையில் கம்பத்திலிருந்து ஆள் வந்தது: பக்கீர் ராவுத்தர் போய்விட்டார், மகளை முகம் பார்க்க அனுப்புங்கள் என்று. ஹவ்வாம்மாள் மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினியின் காலைப் பிடித்தாள். "இன்னும் மூணு நாள்மா. மூணு நாள் பொறுக்க முடியாம இத்தாவ முறிச்சா உம் புருசனுக்கு அங்க கேள்வி வரும்," என்றாள் சபுராம்மாள். கீழே பஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடும். அவள் போகவில்லை. அந்தியில் அடக்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிட்ட இத்தாவுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது முப்பத்தொரு வருஷம் கழித்து, ஒரு நாற்காலியில், ஒரு சின்னப் பையன் விரல் விட்டு எண்ணியபோது தெரிந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், வீடு வரை ஏலத்தோட்டத்து மேட்டில் மூச்சிரைக்க நடந்தாள். வந்ததும் பெனாசிரிடம் ஒன்றுதான் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை போற. என்ன போட்டுக்கிட்டு ஓடுவ?"

வியாழக்கிழமை மத்தியானமே சபுராம்மாள் வந்து இறங்கினாள். சனிக்கிழமைக்கு வேண்டிய அரிசி, நெய், பெண்ணுக்கு ஒரு புதுச் சேலை எல்லாம் ஜீப்பில் வந்தன. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. இருவரும் தொழுது முசல்லாவை மடித்தார்கள். ஹவ்வாம்மாள் நின்றபடியே சொன்னாள்.

"மதினி, இத்தா முடிஞ்சிருச்சு."

"சனிக்கிழமைடி. காலண்டரப் பாரு."

"காலண்டரு ஜவுளிக்கடை குடுத்தது மதினி. பிறை அல்லா குடுத்தது. உஸ்தாதுகிட்டக் கேட்டுட்டேன். ரஜபு பதினாறுலேர்ந்து எண்ணுங்க."

சபுராம்மாள் முதலில் அலட்சியமாகத்தான் விரலை மடக்கினாள். நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜும் பிறையில் எண்ணித் தேறியவள். கணக்கு அவளுக்குத் தெரியாததல்ல. மாதத்துக்கு மாதம் விரல் போகப் போக முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. பத்துக்கு வந்ததும் நின்றாள். பிறகு அந்த விரல்களைப் பிரிக்காமல் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள்.

"அப்ப... அன்னைக்கு ஒனக்கு..."

"பதினஞ்சாம் தேதி முடிஞ்சிருச்சு. எங்கத்தா பதினேழு."

அடுப்படியில் பெனாசிர் பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது.

"தெரியலடி அவ்வா. அல்லா மேல சத்தியமா எனக்குத் தோணல. நோன்புக்குன்னா பிறை பாக்கறோம். இதுக்கு மட்டும் ஏன் தேதியப் பாத்தோம்?"

"எனக்கும்தான் தோணல. தெரியாமச் செஞ்சது போகட்டும். இன்னைக்குத் தெரிஞ்சிருச்சு. அவ காலைல கட்டப்பனைக்குப் போறா."

"எதுக்கு?"

ஹவ்வாம்மாள் சொன்னாள். ஓட்டம், தாண்டல், கயிறு, எல்லாம். கூரைமேல் குரங்கையும் மறைக்கவில்லை. சபுராம்மாள் கேட்டுக்கொண்டிருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள். சற்று முன் உடைந்த குரல் மறுபடி இறுகியது.

"கணக்கு தப்புன்னா என்னைய அடி. வாங்கிக்கறேன். ஆனா ராவுத்தர் வீட்டு மருமக நூறு ஆம்பள முன்னால பேண்டு மாட்டிக்கிட்டு ஓடுறதுக்கு எந்தப் பிறைல எழுதியிருக்கு? புருசன் போய் முழுசா அஞ்சு மாசம் ஆகல. அவ வாசப்படி தாண்டினா நான் இப்பவே குமுளிக்குப் போறேன். எனக்குத் தம்பி வீடுன்னு ஒண்ணு இல்லன்னு நெனச்சுக்கறேன்."

இது வெறும் பேச்சு இல்லை என்று ஹவ்வாம்மாளுக்குத் தெரியும். சொந்தத் தங்கச்சியிடம் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவள் சபுராம்மாள். அந்தத் தங்கச்சியின் மய்யத்துக்குத்தான் போனாள். ஹவ்வாம்மாளுக்கோ அத்தா இல்லை, அம்மா இல்லை, புருஷன் இல்லை, இப்போது மகனும் இல்லை. காய்ச்சல் வந்தால் ஒரு வாய் கஞ்சி காய்ச்ச மலைமேல் இந்த ஒருத்திதான். ஹவ்வாம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போகாதீங்க மதினி," என்றாள். "நீங்க போனா எனக்கு ஆளில்ல. அது ஒங்களுக்கே தெரியும். ஆனா அவ போவா. நானும் கூடப் போறேன்."

சபுராம்மாள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. போகவும் இல்லை. புதுச் சேலைப் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விடிகாலை சித்ராவின் புருஷன் சுருளிவேல் ஜீப் எடுத்தான். பின்சீட்டில் மாமியும் மருமகளும். பெனாசிர் முழங்கால் வரை தொங்கும் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போட்டு, தலைத்துணியை நாலு ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். மேலே பர்தா. வாசல்படியில் வலது காலை வைத்தபோது உள்ளறையை ஒருமுறை பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு அசையவில்லை.

மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. கூட வந்தவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே நூற்றுக்கணக்கில் பெண்கள், எல்லாம் இருபது, இருபத்திரண்டு. பெனாசிர் பர்தாவைக் கழற்றி மாமியின் கையில் கொடுத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் போனாள். ஹவ்வாம்மாள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் பெண்.

தேவிகுளம் எஸ்டேட்டிலிருந்து வந்த நிமி என்கிற பெண் வேலிக்கு உள்ளே ஓரமாகக் கால் நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். "யாரும்மா ஒங்க பொண்ணு?"

"மருமக. அந்தா, தலையில துணி."

"மருமகளா! எங்க மாமியா எல்லாம் என்னைய வீட்டைச் சுத்தி ஓட விட்டு வெரட்டும். இங்க ஓட விடாது," என்று சிரித்தாள். "எட்டு ஐட்டம்மா. அஞ்சு பாஸாகணும். நாலோட நின்னா வீட்டுக்குத்தான்."

நூறு மீட்டர் கைவிட்டுப் போயிற்று. அறைக்குள் நாலு மாதம் கிடந்த கால் வெட்டவெளியில் தடுமாறியது. இரும்புக் குண்டு காலடியிலேயே விழுந்தது. நீளத் தாண்டலில் மணலில் கால் மடங்கிப் பெருவிரல் நகம் பெயர்ந்தது, அதுவும் போயிற்று. கயிறு தாண்டல் கிடைத்தது. பந்தெறிதல் கிடைத்தது. கோட்டுக்குக் கோடு ஓடித் திரும்புகிறதும் உயரத் தாண்டலும் கிடைத்தன. நாலு. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, இருநூறு மீட்டர். வெயில் ஏறிவிட்டது. பெனாசிர் கோட்டில் நின்றபோது வெள்ளைக் காலுறையில் சிவப்பு படர்ந்திருந்ததை வேலியிலிருந்தே ஹவ்வாம்மாள் கண்டாள்.

விசில் ஊதினார்கள். ஆறு பெண்கள் ஓடினார்கள். வளைவில் பெனாசிர் கடைசிக்கு முந்தினவள். ஹவ்வாம்மாளுக்கு ஓட்டத்தில் முதலும் கடைசியும் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு என்று தெரியாது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் அசையாமல், ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள். கடைசிக் கோட்டைத் தாண்டி அந்தப் பெண் நாலு எட்டு நடந்து, மண்டியிட்டுக் கவிழ்ந்தாள். கடிகாரம் பிடித்த மனிதர் அட்டையில் எதையோ எழுதினார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் பேசினார்கள். அடித்து எழுதினார்களா, சேர்த்து எழுதினார்களா? பெனாசிர் எழுந்திருக்கவே இல்லை.

நிமிதான் ஓடிவந்தாள். "முப்பத்தஞ்சு புள்ளி எட்டும்மா! முப்பத்தாறு வரைக்கும் உண்டு. அக்கா பாஸு!"

ஹவ்வாம்மாள் கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துரு பதிந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து பெனாசிர் நொண்டிக்கொண்டு வந்தாள். குழாயடியில் உட்கார்ந்து அவள் காலுறையைக் கழற்றும்போது ஹவ்வாம்மாளின் போன் அடித்தது. குமுளி நம்பர் அல்ல, வீட்டு நம்பர். சபுராம்மாள் இன்னும் ஆனைக்கரையில்தான் இருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பாஸாயிட்டா மதினி. ஆர்டர் வர இன்னும் மாசம் ஆகுமாம்."

"புதுநகரத்துலேர்ந்து அவுங்கத்தா இப்பத்தான் பேசுனாரு. நாளைக்கு வண்டி வருது. புள்ளையக் கூட்டிட்டுப் போறோம், துணிமணி எடுத்து வைக்கச் சொல்லுங்கங்கறாரு. நான் என்னன்னு சொல்ல?"

ஹவ்வாம்மாளுக்கு விடை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "என்னைய ஏன் கேக்கறீங்க? அவகிட்டக் கேளுங்க," என்று போனை ஈரக் கைக்குள் திணித்தாள்.

பெனாசிர் அதைத் துடைத்துக் காதில் வைத்தாள். "பெரியமாமி, அத்தா வரட்டுமுங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும். நான் போகலீங்க. நான் இங்க மாமியோடதான் இருக்கறனுங்க."

"ஆர்டர் வரலன்னா?"

"ஏலக்காய் பொறுக்கறனுங்க."

ஹவ்வாம்மாள் குனிந்து போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

"சரி," என்றாள் சபுராம்மாள். "நாளைக்கு இருபத்தஞ்சு பேரு வருது. நான் சொல்லி வெச்ச கறி பத்தாது. கட்டப்பனையில நல்ல எலும்பாப் பாத்து ரெண்டு கிலோ வாங்கிட்டு வா. உம் மாமிகிட்டச் சொல்லாத, அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது. நீ போய் வாங்கு."

"கால்ல நகம் பேந்துருச்சுங்க பெரியமாமி."

"அப்ப சுருளிவேலுகிட்டச் சொல்லி கடை வாசல்ல ஜீப்ப நிறுத்தச் சொல்லு."